யார் மேல சந்தேகம்?

ஒரு பொருள் காணாமல் போனால் நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி, "யார் மேல சந்தேகம்?" என்பதுதான். எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்பதில்லை. ஒரு ஆளைக் காட்டு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு உச்சந்தலை சூடாகிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். முடியாமல் போனால் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர், அவ்வளவு போதும். எங்கள் தெருவில் செய்கிற அப்பளம், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிப் பெயரை ஒட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகும். அதுவும் ஒரு திருட்டுத்தான், அதை யாரும் விசாரிப்பதில்லை. பெயர்களை விட்டதற்குக் காரணம் பயம் இல்லை. இந்தக் கதைக்குச் சொந்தக்காரி ஒரு பெண். "எழுதுனா எழுதிக்கோங்கக்கா, யாரு பேரும் வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொல்லை மீற எனக்கு உரிமை இல்லை.

என்னைத் தெருவில் 'ரேடியோ அக்கா' என்பார்கள். இளவயதில் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய் வானொலி நாடகங்களில் நடித்துவிட்டு வருவேன். நிரந்தர வேலை கிடையாது, கூப்பிட்டால் போவதுதான். அப்போது வாராவாரம் ஒரு போலீஸ் நாடகம் ஒலிபரப்பானது. செய்தி முடிந்ததும் அது ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிடும் என்பார்கள். இது நாங்களே எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அதை எழுதியவர் ஓய்வு பெற்ற ஏட்டையா. காக்கிச் சட்டையைக் கழற்றியும் மீசையைக் கழற்றாதவர். அவர் நாடகத்தில் துப்பாக்கி வெடிக்காது, கார் துரத்தாது, கடைசி நிமிஷத்தில் யாரும் கைரேகையைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடப்பார். தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவார். ஒரு சைக்கிள் யாருடையது என்று கேட்டுக் கேட்டே ஒரு வாரத்து நாடகம் முடிந்துவிடும். பாதி நாடகம் டீ குடிப்பதிலேயே போகும். நாடகத்துக்கு வேண்டிய சத்தங்களைப் போடுகிற அண்ணாச்சி ஒரு தட்டில் சரளைக் கல்லைப் பரப்பி, அதன்மேல் பூட்ஸைக் கையால் நடக்கவிடுவார். அதுதான் எங்கள் இன்ஸ்பெக்டரின் நடை. இன்ஸ்பெக்டராகப் பேசியவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். பஸ் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர். மைக் முன்னால் நின்று, "மொதல்ல இருந்து சொல்லுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று அவர் சொன்னால் போதும், கல்லும் வாயைத் திறந்துவிடும்.

நான்தான் அந்தக் கல். அந்த நாடகத்தில் பெண்களுக்கு வேறு வேலை கிடையாது. சாட்சி சொல்வது, அழுவது, அழுதுகொண்டே சாட்சி சொல்வது. பூக்காரியாகச் சொல்லியிருக்கிறேன், நர்ஸாகச் சொல்லியிருக்கிறேன், நகையைத் தொலைத்த பணக்காரியாகவும் சொல்லியிருக்கிறேன். ஒருவரை எப்படிக் கேட்டால் வாயிலிருந்து உண்மை வரும் என்பது எனக்குக் கேட்கப்பட்டே பழக்கம்.

ஏட்டையா இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, புகார் கொடுத்தவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். "களவு போச்சுன்னு சொல்லுதவன் பொய் சொல்ல மாட்டான். ஆனா அவனுக்கு ஞாபகம் பொய் சொல்லும்" என்பார். இரண்டு, சந்தேகப்பட்டுக் கூட்டி வந்த ஆள் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டால், நாடகத்தின் கடைசிக் காட்சி அந்த ஆளுடைய தெருவில்தான் நடக்க வேண்டும். பட்டப்பகலில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தவரைப் பட்டப்பகலில் அதே ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தெருவே கேட்க இன்ஸ்பெக்டர் சொல்வார்: "இவர் மேல எந்தத் தப்பும் இல்லை." அந்த வசனத்துக்குப் பிறகுதான் முடிவு இசை வரும்.

ஒரே ஒரு தரம் ஏட்டையா ஒரு அறையை எழுதி வந்தார். ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் ஒரு பையனை அறைகிறார், அவ்வளவுதான். சத்தம் போடுகிற அண்ணாச்சி ஈரத் துண்டை மேஜையில் அடித்துக் காட்டினார். நானே திடுக்கிட்டேன், அவ்வளவு சுத்தமாக இருந்தது. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். "நம்ம நாடகத்துல போலீஸ் அடிக்கிறதில்லை" என்றார். ஏட்டையா மீசைக்குள் சிரித்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இனி இப்போதைய கதைக்கு வருகிறேன்.

நான் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்கார அண்ணாச்சியும் அவர் மனைவியும். அந்த அம்மாளை நான் மைனி என்று கூப்பிடுவேன். கீழ்வீட்டின் பின்கட்டில்தான் அப்பளப் பட்டறை. ஆறு பெண்கள் மணையில் உட்கார்ந்து தேய்ப்பார்கள். மாவு பிசைவது மட்டும் மைனிதான். அப்பளக்காரமும் பிரண்டைச் சாறும் எவ்வளவு என்று மைனி யாருக்கும் சொல்ல மாட்டாள், கணவருக்குக்கூட. குனிந்து பிசையும்போது சங்கிலி மாவில் தொங்கும் என்பதால், தாலிக்கொடியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, மேலே போட்டிருக்கிற இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி, காலண்டர் மாட்டிய ஆணியிலேயே மாட்டிவிடுவாள். தினமும் நடப்பது இது. ஆறு பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். ஒருத்தி புதிது. மணிமுத்தாறுக்கு மேலே மலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவள். எஸ்டேட் வேலை நின்றுபோனதும் கீழே இறங்கி, அணைப்பக்கம் ஒரு வீடு பிடித்துத் தாயோடு இருக்கிறாள். பறித்துப் பழகிய கை என்பதாலோ என்னவோ, அப்பளம் தேய்ப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பட்டறையில் அவளுக்குப் பெயர் 'மலைக்காரி'. மற்ற ஐவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளுக்கு வீடு தூரம். தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டறையிலேயே தனியாகச் சாப்பிடுவாள். அவள் செய்த குற்றம் இதுதான். வேறொன்றும் கிடையாது.

ஒரு நாள் காலை மைனி மாவு பிசைய உட்காரும்போது கழுத்தைத் தடவினாள். சங்கிலி இல்லை. ஆணியைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. முந்தின நாள் மாவில் கை வைத்ததுமே, சித்தி இறந்துவிட்டாள் என்று போன் வந்து பாதியில் எழுந்து துட்டிக்குப் போயிருந்தாள். "ஆணியில மாட்டிட்டுப் போனேன். நல்லா ஞாவகம் இருக்கு. இந்தக் கையாலதான் மாட்டுனேன்" என்று கத்தினாள். அண்ணாச்சி ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே கேட்டது ஒரே கேள்வி. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி யோசிக்கவே இல்லையாம். "புதுசா ஒருத்தி வந்துருக்கா" என்றாராம்.

அரை மணியில் ஜீப் வந்தது. நான் மாடியிலிருந்து பார்த்தேன். அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. மணையைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். "கேப்பாவ, சொல்லுவேன். விட்டுருவாவ" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, ஏதோ கலியாண வீட்டு வேனில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்தாள். டீக்கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை நிம்மதியாக ஒருத்தி போலீஸ் ஜீப்பில் ஏறுவதை நான் பார்த்ததில்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

மத்தியானம் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெண் வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது. எஸ்.ஐ. சின்ன வயது, போனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க யாரும்மா? சொந்தமா?"

"மாடி வீட்டுக்காரி. ஒண்ணு கேக்கணும். அந்த அம்மாட்ட விசாரிச்சியளா?"

"எந்த அம்மா?"

"நகையத் தொலைச்ச அம்மா. முந்தின நாளு காலைலருந்து என்னென்ன செஞ்சாவ, எங்க போனாவன்னு கேட்டியளா?"

அவர் போனிலிருந்து தலையை எடுத்தார். பிறகு பக்கத்திலிருந்த போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். "புகார் கொடுத்தவங்களப் போயி விசாரிக்கணுமாம்லா. யோவ், கேட்டீரா? நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. எங்களுக்கு எங்க வேலை தெரியும்."

அவர்கள் வேலை என்னவென்று அன்று மாலை தெரிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், காலையில் சங்கிலியோடு வரவேண்டும் என்று சொல்லி. அதற்குள் அணைப்பக்கத்து வீட்டுக்கும் போய், அரிசியைத் தரையில் கொட்டி, தலையணையைக் கிழித்து, தாயை வாசலில் நிறுத்திவைத்துத் தேடி முடித்துவிட்டார்கள். அவள் தூக்குவாளியை முழங்கையில் மாட்டியிருந்தாள். ஏன் கையில் பிடிக்கவில்லை என்று பார்த்தேன். வலது உள்ளங்கை வீங்கிப் பளபளவென்று இருந்தது. விரலை மடக்க முடியவில்லை. அப்பளம் தேய்க்கிற கை.

என் வாயிலிருந்து கெட்ட வார்த்தைதான் வந்தது. அதை இங்கே எழுத முடியாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதானக்கா ரேடியோவுல பேசுவிய? போலீஸ் நாடகத்துல?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேல எஸ்டேட் லயத்துல எங்க வீட்டுல ரேடியோ உண்டுல்லா. நான் சின்னப் பிள்ளைல ஒரு வாரங்கூட விடாமக் கேப்பேன். நீங்க அழுதா நானும் அழுவேன். இங்கன வந்து உங்க குரலக் கேட்ட அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு." தூக்குவாளியை முழங்கையில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "அதான்க்கா பயப்படாமப் போனேன். மொதல்ல இருந்து சொல்லுன்னு கேப்பாவன்னு நெனச்சேன். எல்லாத்தையும் வரிசையா மனசுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன். எங்க வச்சிருக்கன்னு மட்டும்தான் கேட்டாவ. திருப்பித் திருப்பி அதேதான்."

பஸ் வந்தது. ஏறப்போனவள் திரும்பி, "ரேடியோவுல அடிக்கிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லையேக்கா" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எஸ்.ஐ. மேல் இருந்தது. அண்ணாச்சி மேல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நாடகத்தின் மேல் இருந்தது. டீ கிளாஸ் சத்தம் நிஜமாக இருக்க வேண்டும் என்று மூன்று கிளாஸ் மாற்றிப் பார்த்தோம். சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம் நிஜமாக இருக்க வேண்டும். நாற்காலி இழுபடுவது நிஜமாக இருக்க வேண்டும். ஒரு ஸ்டேஷனில் உள்ள அத்தனை சத்தத்தையும் கொண்டுவந்துவிட்டு, ஒன்றை மட்டும் வெட்டி எறிந்தார்கள். மலை உச்சியில் ஒரு சின்னப் பெண் அதைக் காது கொடுத்துக் கேட்டு, நம்பி, அந்த நம்பிக்கையோடு வளர்ந்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு அழகான பொய்யை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறோம்! ஏட்டையா மீசைக்குள் சிரித்தாரே, அவருக்குத் தெரியாதா? தெரிந்துதானே சிரித்தார்.

மறுநாள் காலையில் கீழே போனேன். அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தார். பட்டறை மூடிக் கிடந்தது. மைனி கட்டிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவளுக்குப் பரிஞ்சு பேச வந்துருக்கியளா?" என்றாள்.

"இல்ல மைனி. சித்திக்கு என்ன ஆச்சுன்னு கேக்கவே இல்லையேன்னு வந்தேன்."

அது உண்மையும்கூட. நகைக் கலவரத்தில் செத்துப்போனவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மைனிக்குச் சட்டென்று கண் நிறைந்தது. காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் நகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போன் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். மாவில் கை இருந்ததாம். எழுந்து கையைக் கழுவினாளாம். புறவாசலில் கொடியில் கிடந்த பழைய கண்டாங்கிச் சேலையை உடுத்தினாளாம். துட்டிக்கென்று ஒரு பழஞ்சேலை எங்கள் பக்கத்து வீடுகளில் தனியாகக் கிடக்கும். நல்ல துணியோடு சேர்க்க மாட்டார்கள். போய்விட்டு வந்து அதோடேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உரித்துப் போட்டுவிட்டால், அடுத்த துட்டி வரைக்கும் அதை யாரும் தொடுவதில்லை.

"எந்த பஸ்ல போனிய மைனி?"

"அம்பாசமுத்திரம் பஸ்ல. உக்கார எடமே இல்ல. பெறகு ஒரு பிள்ளை எந்திரிச்சு எடம் குடுத்துச்சு."

"ஜன்னலோரமா?"

"ஆமா. காத்து அடிச்சுச்சு. கண்ணீரக்கூடத் துடைக்க முடியல, அப்படிக் காத்து."

"அங்க யாரெல்லாம் வந்திருந்தாவ?"

சொன்னாள். யார் கட்டிப்பிடித்து அழுதார்கள், யார் அழுவதுபோல நடித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். சம்பந்தக்காரி ஒருத்தி கழுத்து நிறைய நகையோடு வந்து உட்கார்ந்தாளாம். அதைச் சொல்லும்போது மைனிக்குக் கோபம் வந்துவிட்டது.

"துட்டி வீட்டுக்கு யாராவது அம்புட்டையும் மாட்டிக்கிட்டுப் போவாவளா? ஒரு வெவஸ்தை வேண்டாம்? நான்லாம் பஸ்ஸிலயே கழத்தி முந்தியில..."

நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. சாட்சிக்கு ஞாபகம் வருகிற நேரத்தில் எங்கள் இன்ஸ்பெக்டர் பேச மாட்டார், மைக்கில் மூச்சுச் சத்தம்கூட வராமல் நிற்பார்.

"ஆணியில மாட்டுனேனே" என்றாள் பையப் பைய. "மாட்டுனேன். பெறகு வெளிய போகும்போது எடுத்துப் போட்டுருப்பேன். எப்பமும் எடுத்துப் போடுவேன்லா. ஐயோ."

தினமும் மாட்டுகிற கை, அன்றைக்கும் மாட்டியதை ஞாபகம் வைத்திருந்தது. தினமும் எடுக்கிற கை எடுத்ததை எதற்கு ஞாபகம் வைக்கப்போகிறது?

இரண்டு பேரும் புறவாசலுக்கு ஓடினோம். அன்று குளித்துவிட்டு உரித்துப் போட்ட சேலை, பிழியாமல் சுருட்டிக் கொடியில் எறிந்தபடியே காய்ந்து மொறமொறப்பாகி, யாரோ கம்பால் தள்ளிவிட்டதில், விறகு அடுக்குகிற குச்சில் அறையின் மூலையில் கிடந்தது. மைனி அதை உதறினாள். முந்தானை மூலையில் ஒரு முடிச்சு, நெல்லிக்காய் அளவுக்கு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சங்கிலி அப்படியே இருந்தது.

அணைப்பக்கத்து வீட்டில் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடிய போலீஸ், தலையணையைக் கிழித்த போலீஸ், நகை தொலைந்த வீட்டின் புறவாசலை எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருந்தாலும் துட்டிச் சேலையைத் தொட்டிருக்க மாட்டார்கள். தொடக்கூடாததைத் தொட மாட்டார்கள். அவளை மட்டும் தொடலாம்.

மைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். வந்தார். சங்கிலியைப் பார்த்தார், வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"கொல்லையில கெடந்துச்சுன்னு சொல்லிருவோம்."

"என்னது?"

"பயந்துபோயி எவளோ வீசிட்டுப் போயிட்டா. கெடச்சுட்டு. அம்புட்டுத்தான. இவ முடிஞ்சு வச்சிட்டு மறந்துட்டான்னு சொன்னா ஊரே சிரிக்கும்லா. ஸ்டேஷன்லயும் என்னய என்ன நெனைப்பாவ? அவளத்தான் விட்டுரப் போறாவ, பெறகென்ன?"

"அண்ணாச்சி, வீசிட்டுப் போயிட்டான்னு சொன்னா, எடுத்தது அவதான்னு ஆயிரும். ஆயுசுக்கும் அவ கள்ளி."

"அவ பேரையா சொல்லுதேன்? எவளோன்னுதான சொல்லுதேன்."

எவளோ என்றால் எவள் என்று தெரியாத ஊரா இது? கையில் காப்பி டம்ளர் இருந்தது. எறியவில்லை. எறிந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்துகொண்டே தெருவில் இறங்கிவிட்டார். நானும் மைனியும் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது.

ஸ்டேஷனில் அவள் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள், தூக்குவாளியோடு. மைனி எஸ்.ஐ.யிடம், "நான்தான் சேலையில முடிஞ்சு வச்சிருந்தேன்" என்று திக்கித் திணறிச் சொன்னாள். அவர் காதில் வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. "கெடச்சுட்டுல்லா? பெறகென்ன, போங்க" என்றார். ஒரு மன்னிப்பு இல்லை. ஒரு தலையாட்டல்கூட இல்லை. தப்பான வீட்டில் தபாலைப் போட்டுவிட்டால் தபால்காரர்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

அவள் நகரவில்லை.

"ஐயா, ஜீப்புலதான கூட்டிட்டு வந்திய" என்றாள். "ஜீப்புலயே கொண்டு விடுங்க. தெருவுல வந்து, என் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.ஐ.க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "டீசல் உங்கப்பன் போடுவானாட்டி? போறியா, உள்ள போடவா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நாடகம் அப்படியில்லையே என்று கேட்கிற பார்வை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "வாட்டி, போவோம்" என்று அவள் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். முந்தின நாள் ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு கடந்துபோன அதே தெரு. நடந்து போகலாம் என்றாள். மூன்று பேரும் இறங்கினோம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மைனியிடம், "நகை கெடச்சுட்டாம்லா, அண்ணாச்சி சொல்லிட்டுப் போனாவ. எப்படியோ, புத்தி வந்து கொல்லையில போட்டுட்டுப் போனாளே, அது மட்டும் லாபம்" என்றார். அவள் பக்கத்தில் நிற்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார்.

மைனி வாயைத் திறந்தாள். "அவ எடுக்கல. நான்தான் முடிஞ்சு வச்சிருந்தேன்" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்கலியே" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரேடியோக்கா, நீங்க சொல்லுங்க. உங்க குரலு கேக்கும்."

அந்த வசனம் ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. அது இன்ஸ்பெக்டருடையது. நான் அழுகிறவள், சாட்சி சொல்கிறவள். ஆனாலும் அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்தேன். குரல் நடுங்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இந்தப் பிள்ளைய நேத்து ஜீப்புல ஏத்திட்டுப் போனத எல்லாரும் பாத்திய. இவ மேல எந்தத் தப்பும் இல்ல. இவ எதையும் எடுக்கல, எதையும் வீசல. செய்யாத ஆளு மேல பழியப் போட்டு, வேல செய்யுத கைய அடிச்சு ஒடிச்சிருக்காவ. பாத்துக்கோங்க."

டி.வி.யை யாரோ அணைத்தார்கள். மளிகைக்கடைக்காரர் வெளியே வந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, மனசில் கள்ளம் இல்லாமல்தான், கேட்டார்.

"அப்பம் எடுத்தது யாருக்கா? யார் மேல சந்தேகம்?"

அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். அதற்குள் மைனி முன்னால் வந்தாள். முந்தானையிலிருந்து சங்கிலியை எடுத்துத் தெருவுக்கே தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

"என் மேல" என்றாள். இந்தத் தரம் கேட்டது. கோயில் வாசல் வரைக்கும் கேட்டது. "எடுத்ததும் நான்தான், சேலையில முடிஞ்சதும் நான்தான், மறந்ததும் நான்தான். எவளும் வீசல. போயி உங்க அண்ணாச்சிட்டச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மலைக்காரி கடை வாசலில் போட்டிருந்த பெஞ்சைப் பார்த்தாள். ஆம்பிளைகள் உட்காருகிற பெஞ்சு. அதில் இருந்தவர்கள் கேட்காமலே கொஞ்சம் நகர்ந்தார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க" என்றாள். "கிளாஸ்ல குடுங்க. இங்கன உக்காந்துதான் குடிக்கணும்."

இடது கையால் கிளாஸைப் பிடித்து, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தாள். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நானும் மைனியும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.